தங்கத் துகளுக்கு மோப்ப சக்தி உண்டா? பூச்சு பூசிய நானோ துகள்கள் ஆவியை உணரும் விதம்

நானோ தங்கம் விஷவாயுவைக் கண்டுபிடிக்கிறது, சின்னச் சில்லு ஒன்றில் மூச்சை ஊதினால் நிறம் மாறி நோயைச் சொல்லிவிடுகிறது என்றெல்லாம் அவ்வப்போது செய்தி வருகிறது. அதைப் பகிர்பவரிடம் "எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "நானோ டெக்னாலஜிங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

இந்த உணரிகள் வேலை செய்யும் விதத்தைப் பள்ளி இயற்பியலை வைத்தே புரிந்துகொள்ள முடியும். செய்திகளில் வழக்கமாக விடுபட்டுப்போகும் ஒரு பகுதியை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: துகளின் மேல் இருக்கும் பூச்சு. எந்த ஆவி வந்திருக்கிறது என்பது தங்கத்துக்குத் தெரியாது. ஆவியைப் பிடித்து வைப்பது பூச்சு. தன்னை ஒட்டி ஏதோ மாறியிருக்கிறது என்று ஒளி வழியாகத் தெரிவிப்பது மட்டும்தான் தங்கத்தின் பங்கு. இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாகப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

தேடுவது எவ்வளவு?

பெயின்ட் தின்னர் டப்பாவைத் திறந்தால் மூக்கில் ஏறும் நெடி, அறையின் வெப்பத்திலேயே திரவத்திலிருந்து பிரிந்து காற்றில் கலந்த மூலக்கூறுகளால் வருவது. அதைத்தான் ஆவி என்கிறோம். தின்னரில் பெரும்பாலும் டொலுவீன் இருக்கும். பெட்ரோல், நகப்பூச்சு நீக்க உதவும் அசிட்டோன், ஆஸ்பத்திரி ஸ்பிரிட் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான்.

காற்றில் இவை எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பிபிஎம் கணக்கில் சொல்வார்கள். பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஒன்று என்றால் ஒரு பிபிஎம். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்துக்கு ஆய்வு செய்து பரிந்துரை தரும் நியோஷ் அமைப்பு, டொலுவீன் புழங்கும் வேலையிடத்தில் நாள் சராசரி 100 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

தங்கம் ஏன் சிவக்கிறது?

நகையில் மஞ்சளாக மின்னும் தங்கத்தை மிகச் சிறிய துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால், தண்ணீர் மாதுளைச் சாறு போலச் சிவந்து தெரியும். மைக்கேல் ஃபாரடே 1857ல் லண்டனில் இதை விரிவாக ஆராய்ந்தார். அவர் தயாரித்த சிவப்புக் கரைசல்கள் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னமும் இருக்கின்றன. துகளின் அளவு மாறினால் நிறம் மாறுகிறது என்பதை அவர் சரியாகவே ஊகித்தார். அதற்கு முழுக் கணக்குப் போட்டவர் ஜெர்மானியரான குஸ்தாவ் மீ. அது 1908ல்.

இங்கே பேசும் துகள்கள் பெரும்பாலும் பத்திலிருந்து நூறு நானோமீட்டர் குறுக்களவு கொண்டவை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர். ஆகவே 20 நானோமீட்டர் துகள் ஒன்று ஒளி அலைக்குள் முழுசாக மூழ்கிவிடும். அது பெறும் தள்ளும் இழுப்பும் துகள் முழுக்க ஒரே நேரத்தில், ஒரே திசையில் இருக்கும்.

இங்கே ஒரு குடத்தை நினைத்துக்கொள்வோம். நிறைகுடம் தளும்பாது, அதனால் நமக்கு வேண்டியது அரைக்குடம். இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் உள்ளே தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். மெதுவாக நடந்தாலும் அவ்வளவாகத் தெரியாது, ஓடினாலும் தெரியாது. குறிப்பிட்ட ஒரு நடைவேகத்தில் மட்டும் தளும்பல் ஏறிக்கொண்டே போய் வெளியே சிந்திவிடும். அந்தக் குடத்துத் தண்ணீருக்கென்று இயல்பான ஆட்டத் தாளம் ஒன்று இருக்கிறது. நடையின் தாளம் அதோடு பொருந்திவிட்டால் ஆட்டம் பெருகுகிறது. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

உலோகத் துகளுக்குள் ஓடியாடும் எலக்ட்ரான்கள் குடத்துத் தண்ணீர் மாதிரி. ஒளி அலை அவற்றை ஒரு பக்கம் தள்ளும். அந்தப் பக்கம் எதிர் மின்னூட்டமும், காலியான பக்கம் நேர் மின்னூட்டமும் சேரும். எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்த்துக்கொள்வதால் எலக்ட்ரான் கூட்டம் திரும்பி ஓடும். வந்த வேகத்தில் நடுவில் நிற்காமல் மறுபக்கம் போகும். இப்படி எலக்ட்ரான் கூட்டம் மொத்தமாகச் சேர்ந்து ஆடும் ஆட்டத்தைத்தான் பிளாஸ்மான் என்கிறார்கள். தங்கத் துகளில் இது நொடிக்குச் சுமார் ஆறு கோடி கோடி தடவை நடக்கிறது. ஏறக்குறைய 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியின் தாளமும் அதுவே. பச்சையைத் துகள் விழுங்கிவிடுவதால் மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பாக வந்து சேர்கிறது. வெள்ளித் துகளுக்கு இந்தத் தாளம் 400 நானோமீட்டரை ஒட்டி இருப்பதால் அதன் கரைசல் மஞ்சளாக இருக்கும்.

எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறது என்று வரைபடம் போட்டால் ஒரு மேடு தெரியும். அதன் உச்சி எங்கே நிற்கிறது என்பதுதான் இனி நமக்கு முக்கியம்.

சுற்றுப்புறம் மாறினால் தாளம் மாறும்

குடத்து உவமையையே இன்னும் கொஞ்சம் நீட்டலாம். மூடிய கண்ணாடிப் பாட்டிலில் பாதித் தண்ணீரும் மேலே பாதி எண்ணெயும் ஊற்றி ஆட்டினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் அலை சோம்பேறித்தனமாக அசையும். வெறும் தண்ணீர் பாட்டிலில் அலை இதைவிட விறுவிறுப்பாக ஓடும். தண்ணீர் மாறவில்லை. மேலே காற்று இருந்த இடத்தில் எண்ணெய் வந்திருக்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் கிட்டத்தட்ட தண்ணீர் அளவுக்கே கனமானது. அதனால் மேலெழுந்த தண்ணீரைக் கீழே இழுக்கும் விசை பெரும்பாலும் ஈடாகிப்போய்விடுகிறது. இழுக்கும் விசை குறைந்தால் ஆட்டம் மெதுவாகும்.

துகளிலும் இதே கதைதான். எலக்ட்ரான் கூட்டத்தைத் திரும்ப இழுப்பது துகளின் இரு பக்கமும் சேர்ந்த மின்னூட்டங்களின் ஈர்ப்பு. துகளுக்கு வெளியே இருக்கும் மூலக்கூறுகளும் அந்த மின்னூட்டங்களைப் பார்த்துத் தங்கள் எதிர்ப்பக்கத்தைத் திருப்பிக்கொள்கின்றன. அதனால் ஈர்ப்பின் ஒரு பகுதி மறைக்கப்படுகிறது. ஆட்டம் மெதுவாகிறது. மெதுவான ஆட்டம் என்றால் நீண்ட அலைநீளம். ஆகவே உச்சி சிவப்புப் பக்கம் நகர்கிறது.

ஒரு பொருள் இப்படி எவ்வளவு மறைக்கும் என்பதை அளக்க நமக்குத் தெரிந்த எண் ஒன்று இருக்கிறது: ஒளிவிலகல் எண். ஒளி ஒரு பொருளுக்குள் எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்பதைச் சொல்லும் எண் இது. காற்றுக்கு 1.0003, தண்ணீருக்கு 1.33, திரவ டொலுவீனுக்கு ஏறக்குறைய 1.50. சுற்றிலும் இந்த எண் கூடினால் உச்சி சிவப்புப் பக்கம் போகும், குறைந்தால் நீலப் பக்கம் திரும்பும்.

"சுற்றிலும்" என்றால் எவ்வளவு தூரம்? துகளின் மேற்பரப்பிலிருந்து பத்து, இருபது நானோமீட்டர் வரைக்கும்தான். அதற்கு அப்பால் என்ன நடந்தாலும் துகளின் ஆட்டத்தில் அது சரியாகத் தெரியாது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்து வைப்போம். துகளுக்குள் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து தளும்புகின்றன. தளும்பும் தாளம், துகளை ஒட்டிய சில நானோமீட்டரில் இருக்கும் பொருளின் ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்து மாறுகிறது. இந்த விளக்கத்தில் எங்கேயும் "டொலுவீன்" என்றோ "அசிட்டோன்" என்றோ பெயர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பூச்சில்லாத துகளால் எவ்வளவு முடியும்?

ஒளிவிலகல் எண் முழுதாக 1 கூடினால் உச்சி எவ்வளவு நகரும் என்பதை வைத்துத் துகளின் உணர்திறனைச் சொல்வார்கள். உருண்டையான தங்கத் துகளில் சில பத்து நானோமீட்டர் நகரும். கூர்முனை உள்ள வெள்ளி முக்கோணங்களில் சுமார் 200 நானோமீட்டர் வரும். இந்த முக்கோணங்களைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் வான் டைனின் குழு. அவர்கள் 2010ல் பூச்சு எதுவும் இல்லாத வெள்ளித் துகளைச் சுற்றி ஹீலியத்தை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பி, அந்த வித்தியாசத்தையே அளந்து காட்டினார்கள். சுற்றியுள்ள வாயு முழுவதையும் மாற்றியும், கைக்கணக்குப்படி நகர்வு நானோமீட்டரில் நூறில் ஐந்து பங்குதான்.

இப்போது நம் 100 பிபிஎம் டொலுவீனுக்கு வருவோம். பத்தாயிரம் காற்று மூலக்கூறுக்கு ஒரு டொலுவீன். இதனால் காற்றின் ஒளிவிலகல் எண் கூடுவது கோடியில் இரண்டு பங்கு அளவுதான். அதை 200ஆல் பெருக்கினால் உச்சியின் நகர்வு 0.00004 நானோமீட்டர். நல்ல ஆய்வகக் கருவியும் நம்பி அளக்கக்கூடிய எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது இது. விளக்கின் லேசான துடிப்பும் அறையின் வெப்பநிலையும் இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்துவிடும். தங்கமே மோப்பம் பிடிக்கிறது என்ற பேச்சு இந்த ஒரு கணக்கோடு முடிந்துவிடுகிறது.

பூச்சு என்ன செய்கிறது?

காற்றில் அலைந்து திரியும் டொலுவீனைத் துகளின் அருகே குவித்து வைக்க ஏதாவது வேண்டும். அதுதான் பூச்சு.

சிலிக்கோன் ரப்பர் வகைப் பூச்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். டொலுவீன் அதற்குள் விரும்பிக் கரையும். காற்றில் இருப்பதைப் போலப் பல நூறு மடங்கு செறிவில் பூச்சுக்குள் சேர்ந்துவிடும். எண்ணெய்ப் பசை உள்ள துணியில் பெட்ரோல் நெடி தங்கிப்போவதன் காரணமும் இந்தக் கரைதல்தான். அதே 100 பிபிஎம் காற்றில், பூச்சின் பருமனில் பத்தாயிரத்தில் மூன்று நான்கு பங்கு டொலுவீனாகிவிடும். அதனால் வரும் நகர்வு, பூச்சின் தன்மையைப் பொறுத்து, 0.006 முதல் 0.03 நானோமீட்டர் வரை இருக்கும் என்பது என் தோராயக் கணக்கு. இதுவும் சிறியதுதான், ஆனால் முன்பு பார்த்ததைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. கவனமாக வேலை செய்யும் கருவியின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

"பூச்சின் தன்மையைப் பொறுத்து" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ரப்பர் போன்ற பூச்சு ஆவியைக் குடித்ததும் உப்பும். அதன் ஒளிவிலகல் எண் 1.41 என்று வைத்தால், உள்ளே வரும் டொலுவீனின் 1.50 அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சேர்ந்த சரக்கு அதிகமாக இருந்தாலும் எண்ணில் மாற்றம் குறைவு. உப்பாமல், ஏற்கெனவே இருக்கும் காலித் துளைகளில் ஆவி போய் உட்காரும் பூச்சாக இருந்தால் நிலைமை வேறு. அங்கே 1.00 இருந்த இடத்தில் 1.50 வருகிறது.

அப்படித் துளைகள் நிறைந்த பொருள்களில் இப்போது அதிகம் பேசப்படுவது உலோக-கரிமச் சட்டகங்கள். உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் கோத்துக் கட்டிய, உள்ளே அறை அறையாக இடைவெளி உள்ள படிகங்கள் இவை. 2025ல் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் கிடைத்தது இவற்றுக்காகத்தான். வான் டைன் குழு 2010ல், வேதியியலாளர் ஜோசப் ஹப்போடு சேர்ந்து, வெள்ளித் துகள்களின் மேல் செம்பு வகைச் சட்டகம் ஒன்றை வளர்த்தது. பூச்சில்லாத வெள்ளியோடு ஒப்பிட்டால் கார்பன் டை ஆக்சைடுக்குக் கிடைத்த சைகை, அதாவது உச்சியின் நகர்வு, 14 மடங்கு. துகள் பழையதுதான். மாறியது மேலே இருந்த அடுக்கு.

இன்னொரு வகைப் பூச்சு, ஒற்றை மூலக்கூறு உயரமே உள்ளது. தயோல் எனப்படும் மூலக்கூறுகளுக்கு ஒரு முனையில் கந்தகம் இருக்கும். கந்தகம் தங்கத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். வால் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். துகள் முழுக்க இப்படி மூலக்கூறுகள் நெருக்கமாக நின்றால் அது ஒரு முடிப்போர்வை. வால் எண்ணெய்த் தன்மை உள்ளதாக இருந்தால் டொலுவீன், பெட்ரோல் வகை ஆவிகள் வரும். வாலின் நுனியில் தண்ணீரை விரும்பும் தொகுதியை வைத்தால் ஆல்கஹால் வகைகள் அதிகம் வரும். இந்தப் போர்வைக்கு வேறொரு வேலையும் உண்டு: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் காப்பது. 1994ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பிரஸ்ட், ஷிஃப்ரின் குழுவினர் காட்டிய முறைப்படி செய்த தங்கத் துகள்களை உலர்த்திப் பொடியாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது மறுபடி கரைக்க முடிந்தது.

பூச்சு எவ்வளவு தடிமன் இருக்கலாம்? தடித்தால் நிறைய ஆவி சேரும், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் துகளின் பார்வை இருபது நானோமீட்டருக்கு அப்பால் போகாது என்று பார்த்தோம். அதற்கு மேல் பூசுவது வீண். வீண் மட்டுமா, ஆவி அத்தனை தடிமனையும் ஊடுருவி வந்து சேர நேரமாகும், விலகிப் போகவும் நேரமாகும். மெல்லிய பூச்சு விரைவில் பதில் சொல்லும், ஆனால் அதில் தங்கும் ஆவி கொஞ்சம். பூச்சைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இழுபறியில்தான் காலத்தைச் செலவிடுகிறார்கள்.

பூச்சின் அவசியம் புதிதாகத் தெரியவந்ததும் இல்லை. நானோ துகள் என்ற பேச்சு பரவலாவதற்கு முன்பே, 1980களின் தொடக்கத்தில், ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் தட்டையான வெள்ளிப் படலத்தின் பிளாஸ்மானை வைத்து ஹாலோதேன் என்ற மயக்க மருந்தின் ஆவியை அளந்தார்கள். அந்தப் படலத்தின் மேலும் ஆவியை உறிஞ்சிக்கொள்ளச் சிலிக்கோன் வகைப் பூச்சு இருந்தது.

நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. மேலே வந்த எண்களைப் பாருங்கள்: ஒரு நானோமீட்டரில் நூறில் ஒரு பங்கு. செறிவு பல ஆயிரம் பிபிஎம்முக்குப் போனாலும் நகர்வு ஒரு சில நானோமீட்டருக்குள் இருக்கும். மனிதக் கண்ணால் இதைப் பார்க்கவே முடியாது. பிறகு எப்படி அளக்கிறார்கள்? கண்ணாடித் தகட்டில் துகள்களை ஒட்டி, ஒரு பக்கம் வெள்ளை ஒளியைச் செலுத்தி, மறுபக்கம் வரும் ஒளியை நிறமாலைமானியில் விழச் செய்கிறார்கள். ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து அளக்கும் கருவி அது. கிடைத்த மேட்டின் மீது கணித வளைவு ஒன்றைப் பொருத்தி உச்சியைக் கணக்கிடுகிறார்கள். பக்கத்திலேயே ஆவி படாத தகடு ஒன்றையும் வைத்து, விளக்கு, வெப்பநிலை ஆகியவற்றால் வரும் ஊசலைக் கழித்துக்கொள்வார்கள்.

அப்படியானால் சிவப்பு நீலமாக மாறும் படங்களைப் பார்த்திருக்கிறோமே? அது வேறு நிகழ்ச்சி. கரைசலில் மிதக்கும் தங்கத் துகள்கள் ஒன்றை ஒன்று நெருங்கிக் கூட்டமானால், பக்கத்துத் துகளின் தளும்பலும் சேர்ந்துகொண்டு உச்சி பத்துக்கணக்கான நானோமீட்டர் சிவப்புப் பக்கம் பாயும். கரைசல் நீலமாகவோ ஊதாவாகவோ தெரியும். 1997ல் அமெரிக்க வேதியியலாளர் சாட் மிர்கினின் குழு டிஎன்ஏவைக் கண்டறியப் பயன்படுத்தியது இந்த மாற்றத்தை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் விழும் இளஞ்சிவப்புக் கோடும் பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். ஆனால் அங்கே உச்சி நகர்வதே இல்லை. துகள்கள் கோட்டில் வந்து சேர்வதால் நிறம் தெரிகிறது, அவ்வளவே. மூன்றையும் "தங்கம் நிறம் மாறுகிறது" என்ற ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

நெருக்கத்தின் இந்த விளைவு ஆவி உணரிகளிலும் தலையிடும். தயோல் போர்வை போர்த்திய துகள்களை நெருக்கி அடுக்கிய படலத்தில் ஆவி நுழைந்தால் இரண்டு காரியம் நடக்கிறது. துகளைச் சுற்றி ஒளிவிலகல் எண் கூடுகிறது, அதனால் உச்சி சிவப்புப் பக்கம் போகப் பார்க்கும். போர்வை உப்பித் துகள்களை விலக்கி வைக்கிறது, அதனால் உச்சி நீலப் பக்கம் போகப் பார்க்கும். எது ஜெயிக்கும் என்பது துகள், போர்வை, ஆவி மூன்றையும் பொறுத்தது. ஆவி வந்தால் உச்சி எப்போதும் சிவப்புப் பக்கம் நகரும் என்று நம்பிக்கொண்டிருந்த மாணவருக்கு இந்தப் படலங்கள் நல்ல தலைவலி.

சேர்த்துச் சொன்னால்: பூச்சு ஆவியைக் குவிக்கிறது, துகள் அதை உச்சியின் சிறு நகர்வாக மாற்றுகிறது, கருவி அந்த நகர்வைப் படிக்கிறது. கண்ணுக்கு இந்த வரிசையில் வேலை இல்லை.

எந்த ஆவி என்று எப்படித் தெரியும்?

ஒற்றை உணரியால் பெரும்பாலும் சொல்ல முடியாது. எண்ணெய்த் தன்மை உள்ள பூச்சு டொலுவீனைச் சேர்க்கும், சைலீனையும் சேர்க்கும், பெட்ரோலில் உள்ள இன்னும் பலவற்றையும் சேர்க்கும். குறைந்த டொலுவீனும் கொஞ்சம் அதிகமான வேறொரு ஆவியும் ஒரே அளவு நகர்வைத் தந்துவிடலாம்.

இதற்கு வழி, வெவ்வேறு பூச்சு பூசிய பல துகள் திட்டுகளை ஒரே தகட்டில் வைப்பது. ஒவ்வொரு திட்டும் ஒவ்வொரு அளவில் நகரும். அந்த எண்களின் கோலத்தைக் கணினி முன்பு பழக்கப்பட்ட கோலங்களோடு ஒப்பிடும். எலக்ட்ரானிக் மூக்கு என்று அழைக்கப்படும் இந்த உத்தியை 1982ல் வார்விக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் இருவரும் வேறு வகை உணரிகளைக் கொண்டு காட்டினார்கள். நம் மூக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்கிறது. ஆனால் பழக்காத ஆவி வந்தால் கணினி தனக்குத் தெரிந்த பெயர்களில் ஒன்றை எடுத்துச் சொல்லிவிடக்கூடும் என்பது கூடவே வரும் ஆபத்து.

மூலக்கூறின் அடையாளத்தையே நேராகப் படிக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. சி.வி. ராமன் 1928ல் கண்ட ஒளிச்சிதறல், இந்த உலோகத் துகள்களின் அருகே பல மடங்கு பெருகுகிறது. துகள் ஒன்றேதான், ஆனால் அளப்பது வேறு, கருவியும் வேறு. செய்தியில் ராமன் பெயர் வந்தால் அது இந்தக் கட்டுரையின் உணரி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய இடைஞ்சல் தண்ணீர். 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் உள்ள கடலோர ஊர்க் காற்றில் நீராவி மட்டும் சுமார் 30,000 பிபிஎம். அதற்குள்தான் 100 பிபிஎம் டொலுவீனைத் தேட வேண்டும். மூச்சில் இன்னும் மோசம். உடல் வெப்பத்தில் ஈரம் நிறைந்து வரும் காற்றில் நீராவி 60,000 பிபிஎம் அளவில் இருக்கும். ஆரோக்கியமானவர் மூச்சில் உள்ள அசிட்டோனோ ஒரு பிபிஎம்மை ஒட்டியது. பூச்சு தண்ணீரைத் துளி அளவு ஏற்றுக்கொண்டாலும் அசிட்டோனின் சைகை அதில் மூழ்கிப்போகும். செம்பு வகைச் சட்டகத்துக்குத் தண்ணீரின் மேல் தனிப் பிரியம் உண்டு, ஈரத்தில் நாளடைவில் சிதைந்தும் போகும். உலர்ந்த நைட்ரஜனில் ஆவியைக் கலந்து ஆய்வகத்தில் எடுத்த அழகான வரைபடங்கள் வெளிக்காற்றில் ஏன் தடுமாறுகின்றன என்பதற்கு இதுவே முதல் காரணம். ஊதினால் நோய் சொல்லும் சில்லு பற்றிய செய்தியைப் படிக்கும்போது ஈரப்பதத்தை என்ன செய்தார்கள் என்ற வரி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் இருக்காது.

உலோகமே நேராக மாறும் சில இடங்கள்

பூச்சே வேண்டாத விதிவிலக்குகளும் உண்டு. பாதரச ஆவி தங்கத்தோடு நேராகக் கலந்துவிடும். தங்கச் சுரங்கங்களில் பாதரசம் விட்டுத் தங்கத்தைப் பிரிப்பது இதனால்தான். துகளிலும் பாதரசம் சேர்ந்ததும் உச்சி நீலப் பக்கம் நகரும். வெள்ளிக் கொலுசு கருத்துப்போவதற்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளித் துகளையும் சல்பைடாக்கி அதன் உச்சியையே சரித்துவிடும். இவற்றில் உலோகமே வினைபுரிகிறது. அதனால் குறிப்பிட்ட ஆவியை மட்டும் பிரித்தறியும் திறன் அதிகம், ஆனால் துகள் பழைய நிலைக்குத் திரும்பாது அல்லது சூடாக்கினால்தான் திரும்பும்.

பல்லேடியம் இன்னொரு விதிவிலக்கு. அது ஹைட்ரஜனைத் தன் படிகத்துக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும், சுற்றிலும் ஹைட்ரஜன் குறைந்தால் விட்டும்விடும். உள்ளே போன ஹைட்ரஜன் எலக்ட்ரான்களின் தளும்பலை மாற்றுவதால் ஒளியில் அது தெரிந்துவிடும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினால் தீப்பற்றக்கூடும் என்பதால், அதற்கு வெகு முன்பே, அதுவும் மிக வேகமாக, எச்சரிக்கை வேண்டும். பூச்சே வேண்டாத உலோகம் என்று இதை விட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் 2019ல் ஸ்வீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் லாங்ஹாமரின் குழு பல்லேடியம்-தங்கக் கலவைத் துகள்களின் மேல் டெஃப்லான் வகைப் பூச்சைப் போட்டுப் பார்த்தது. ஹைட்ரஜன் உள்ளே போகும் வேகம் கூடி, பதில் வர ஒரு நொடிகூட ஆகவில்லை. அதோடு அக்ரிலிக் வகைப் பாலிமர் அடுக்கு ஒன்றையும் சேர்த்தார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியதாகையால் அதைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. பல்லேடியத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிப்போடும் கார்பன் மோனாக்சைடு வெளியிலேயே நின்றுவிடுகிறது.